மச்சான் போட்ட லாக்

“வெள்ளிக்கிழமை பாப்பாவுக்கு ஸ்கூல்ல நாடகம். ஒரு நாள் லீவு வேணும் மச்சான்...” புரோகிராமர் இழுத்தார்.

“சிஸ்டம் லீவுன்னு சொன்னா லீவு. இல்லன்னா வேலை. ஆபீஸ்ல நீ மாப்பிள்ளையும் இல்ல, நான் மச்சானும் இல்ல. சார்!” மேனேஜர் முறைத்தார். “ஆமா, லாக் ஃபைல் என்னாச்சு?”

புரோகிராமர் ஆறு மாதமாகத் தட்டிக்கழித்த வேலை அது. ஆபீசின் வருகையையும் லீவையும் கணக்கு பார்க்கும் ‘சிஸ்டம்’, பேக்கேஜ் எனப்படும், யார் யாரோ எழுதிய முந்நூறு குட்டி புரோகிராம்களை இரவல் வாங்கி ஓடுகிறது. அவை நாளுக்கொரு வெர்ஷனாக மாறும். எதில் எந்த வெர்ஷன் என்று லாக் ஃபைலில் எழுதிவிட்டால், பூட்டுப் போட்ட மாதிரி பிறகு எதுவும் அசையாது.

“இப்பவே போட்டுடறேன் சார். எல்லாமே புது வெர்ஷன்ல.”

ஒரே ஒரு கமாண்ட் தட்டினார். ஃபைல் தயார்.

“படிச்சுப் பாத்துட்டு அப்ரூவ் பண்ணுங்க சார். நாலாயிரம் வரிதான்.”

“அதெல்லாம் எவன் படிப்பான்? அப்ரூவ்ட்! இனி என் கையெழுத்து இல்லாம ஒரு வருஷத்துக்கு எவனும் தொடக்கூடாது.”

வெள்ளிக்கிழமை காலை, பள்ளி மேடையில் மகள் மரமாக நின்றுகொண்டிருந்தபோது புரோகிராமரின் போன் அதிர்ந்தது. மேனேஜர்.

“ஆபீஸ்ல ஒரு ஈ காக்கா இல்ல! எங்கய்யா போனீங்க எல்லாரும்?”

“இன்னைக்கு லீவுன்னு சிஸ்டம் நேத்தே எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பிச்சே, படிக்கலயா? காலண்டர் பேக்கேஜோட புது வெர்ஷன், அரபு நாட்டு வழக்கப்படி வெள்ளிக்கிழமைய வார விடுமுறையா எடுத்துக்குது. நீங்க அப்ரூவ் பண்ணதுதான்.”

“அடப்பாவி! உடனே மாத்து!”

“மாத்தலாம். அதுக்கு சார் கையெழுத்து வேணும். லீவு நாள்ல ஏது சார்? சீக்கிரம் வாங்க மச்சான், உங்க மருமக இன்னும் வசனம் பேசல. கர்சீப் போட்டு சீட்டு புடிச்சு வச்சிருக்கேன்.”