அரைப்புள்ளி

“மறுபடியும் அரைப்புள்ளியா?”

பக்கத்து சீட்டு அக்கா கேட்டதும், அவள் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு தலையாட்டினாள்.

அது பல்கலைக்கழகத்தின் சேர்க்கை உதவி மையம். பள்ளியில் வாங்கிய மதிப்பெண்ணைச் சேர்க்கைக்கான புள்ளியாக மாற்றுவது எப்படி என்று கேட்டு வரும் போன்களுக்குப் பதில் சொல்வதுதான் வேலை. கேட்டதற்கு மட்டும் பதில், உடனே அடுத்த போன் என்பது சூப்பர்வைசர் போட்ட சட்டம்.

அந்த மனிதர் மட்டும் சட்டத்துக்குள் அடங்கவில்லை. சேர்க்கை தொடங்கியதிலிருந்து தினமும் கூப்பிடுகிறார். அதுவும் அவளிடம்தான் பேசுவேன் என்று அடம்.

முதல் நாள், “தம்பி பொண்ணுக்காகக் கேக்கறேம்மா. ஏழு பாடம் எழுதியிருக்கா. ஏழையும் கூட்டிக்கலாமா?” என்றார்.

“இல்லீங்கய்யா. அதிகமா வாங்கின ஆறு மட்டும்தான். எண்பதுக்கு மேல இருந்தா பத்து புள்ளி, அறுபதுக்கு மேல எட்டு. கணக்குக்கு மட்டும் கூட ரெண்டு.”

மறுநாள், “கணக்கை ரெண்டாவது தடவை எழுதித்தாம்மா எண்பதைத் தாண்டினா. அது செல்லுமா?”

“செல்லும். எதுல அதிகமோ அதை எடுத்துக்குவோம்.”

அதற்கடுத்த நாள், “படம் வரையறதுக்கு ஒரு சான்றிதழ் வெச்சிருக்கா. அதுக்கு ஏதாவது போடுவீங்களா?”

“அரைப்புள்ளி போடுவோங்கய்யா.”

“அரையா? அந்த அரையை முழுசாக்க என்னம்மா செய்யணும்?”

ஆபீசில் அவருக்கு அன்றைக்கு வந்த பேர்தான் ‘அரைப்புள்ளி’.

சந்தேகம் தீர்ந்த பிறகும் பேச்சு எங்கெங்கோ சுற்றும். அங்கே மழையா, இங்கே வெயிலா, சாப்பிட்டியாம்மா, என்ன சாப்பிட்டே?

“காலைல செஞ்சதே இருக்குங்கய்யா. ஒருத்திக்காக என்னத்த பெருசா சமைக்கறது.”

அவள் மாற்றலாகி வந்து சில மாதங்கள்தான். ஊரில் தெரிந்தவர் என்று யாருமில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீசில் ‘வரேன்’ என்று சொன்னால், அடுத்து வாயைத் திறப்பது திங்கட்கிழமை காலையில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ கதவைத் தட்ட, ஓடிப்போய்த் திறந்தாள். பார்சல்காரன். மாடி வீட்டுக்குப் போக வேண்டியவன், தப்பாகத் தட்டிவிட்டான். அவனுக்குத் தேவைக்கு மேலேயே வழி சொன்னாள். அவன் படியேறிப் போன பிறகும் கொஞ்ச நேரம் கதவைச் சாத்தாமலே நின்றிருந்தாள்.

சூப்பர்வைசர் ஒருநாள் பொறுமை இழந்தார்.

“ஏம்மா, லைன்ல அத்தனை பேர் காத்திருக்காங்க. அந்த அரைப்புள்ளிக்கு ஒரு முற்றுப்புள்ளி வைக்கக் கூடாதா?”

“பாவம் சார். பேச ஆளில்லாதவர் போலிருக்கு. வீட்ல நாலு பேர் இருந்தா இப்படித் தினமும் நமக்கு போன் போட்டுக்கிட்டிருப்பாரா?”

“அப்ப அந்தத் தம்பி பொண்ணு?”

“அப்படி ஒருத்தி இருக்காளோ என்னவோ. பேசறதுக்கு ஒரு சாக்கு வேணாமா சார்?”

சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டு போனார். அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. யாரோ ஒரு தனிக்கட்டைக்குத் தன் குரல் துணையாக இருக்கிறதே.

சேர்க்கையின் கடைசி நாள். போன் ஓயாமல் அடித்தது. ஆனால் அவர் மட்டும் கூப்பிடவில்லை. மத்தியானம் தாண்டியது. உடம்புக்கு ஏதாவது வந்திருக்குமோ? வந்தால் யார் பார்ப்பார்கள்? அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சாயங்காலம் ஒரு பெண் அவளை விசாரித்துக்கொண்டு கவுன்ட்டரில் வந்து நின்றாள்.

“அக்கா, எனக்கு சீட் கிடைச்சிருச்சு. தினமும் உங்ககிட்ட போன்ல பேசுவாரே, அவர் எங்க பெரியப்பா. உங்களைப் பாத்துச் சொல்லிட்டு வரணும்னு சொல்லி அனுப்பினார்.”

அவள் எழுந்தே விட்டாள். “தம்பி பொண்ணு நீதானா! அவர் நல்லாருக்காரா? தனியா இருக்கறவர், இன்னிக்கு போன் வரலையேன்னு பதறிப் போயிட்டேன்.”

“தனியாவா?” அந்தப் பெண் சிரித்தாள். “எங்க வீடு சந்தைக்கடை மாதிரி இருக்கும்க்கா. பெரியம்மா, அண்ணனுங்க, அண்ணிங்க, குழந்தைங்க, நாங்க, எல்லாரும் ஒண்ணாத்தான் இருக்கோம். எல்லாரும் வாயைப் பொத்துங்கன்னு ஒரு அதட்டல் போட்டுட்டுத்தான் உங்களுக்கு போன் பண்ணுவார்.”

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“அப்ப தினமும் கேட்ட சந்தேகமெல்லாம்?”

“என் புள்ளிக்கணக்கு முதல் நாளே முடிஞ்சு போச்சுக்கா.” அந்தப் பெண் தயங்கினாள். “சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?”

“சொல்லும்மா.”

“அன்னிக்கு எல்லாம் சொல்லி முடிச்ச அப்புறமும், ‘வேற ஏதாவது கேக்கணுமா, வேற ஏதாவது கேக்கணுமா’ன்னு நீங்க விடாமக் கேட்டீங்களாம். பெரியப்பா போனை வெச்சுட்டு வந்து எங்கிட்ட சொன்னார்: ‘அந்தப் பொண்ணுக்குப் பேச ஆளில்ல போலிருக்கு. நீ தினமும் ஒரு சந்தேகம் யோசிச்சுக் குடு, நான் கேக்கறேன்.’”