வாசலை அடைத்த டாக்சி

“யோவ், வண்டியை எடுய்யா! எத்தனை தடவை சொல்றது?”

காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டிக் கத்தினார் கணக்கு வாத்தியார். நெற்றியெல்லாம் கிரீஸ்.

கேட்டை ஒட்டி, வாசலையே அடைத்துக்கொண்டு நின்றது டாக்சி. உள்ளே எதிர்வீட்டு டிரைவர் சாவகாசமாகச் சாய்ந்திருந்தார்.

“இருக்கட்டும் சார்.”

“மூணு நாளா இதையேதான் சொல்றே! உன் வீட்டு வாசல்ல இடமா இல்ல?”

டிரைவர் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

வாத்தியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் எழுந்து போய்ச் சண்டை போட நேரமில்லை. கார் ஸ்டாண்டின் மேல் நிற்கிறது. முன் சக்கரம் இரண்டும் சுவரோரம் கிடக்கின்றன.

கொஞ்ச நாளாகவே சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் வண்டியின் முன்பக்கம் ‘கடகட’வென்று ஆடியது. போன வாரம் செக்கப்புக்குப் போய்த் திரும்பும்போது நிறைமாத மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகியதைக் கேட்டவர், நேராக மெக்கானிக்கிடம் ஓடினார்.

“பதினஞ்சு நாள் ஆகும் சார். வேலை குவிஞ்சு கிடக்கு.”

அதற்குள் குழந்தையே பிறந்துவிடும். புது ஷாக் அப்சார்பர், சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயின்ட் எல்லாம் தானே வாங்கி, பள்ளிக்கு லீவு போட்டு, வீடியோ பார்த்து வேலையில் இறங்கிவிட்டார். இடது பக்கம் முடிந்தது. வலது பக்கப் பழைய பால் ஜாயின்ட் துருப்பிடித்து, மூன்று நாளாகக் கழலவே மாட்டேன் என்கிறது.

“ஏங்க, இன்னிக்காவது முடிஞ்சிடுமா?”

மனைவி கதவிலிருந்து கேட் வரை வந்தாள், திரும்பிப் போனாள், மறுபடி வந்தாள்.

“முடிஞ்சிடும். நீ போய் உட்காரு.”

“உட்கார்ந்தாலும் முடியல, நின்னாலும் முடியல.”

“டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கு” என்றார். தனக்கே சொல்லிக்கொள்வது போலிருந்தது.

சுத்தியலை ஓங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று... ‘டக்’!

“வந்துடுச்சு!”

எட்டிப் பார்த்தார். மனைவி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏங்க... வலி.”

சுத்தியலை எறிந்துவிட்டு உள்ளே ஓடினார். எதற்கு ஓடினோம் என்று தெரியாமல் வெளியே வந்தார். போனை எடுத்தார். கிரீஸ் விரலுக்குத் திரை அசையவில்லை.

அப்போதுதான் அந்த எஞ்சின் சத்தம். டாக்சி தயாராக உறுமிக்கொண்டிருந்தது. பின் கதவு அகலத் திறந்திருந்தது.

“தங்கச்சியை மெதுவா கூட்டிட்டு வாங்க சார். பை எங்கே? நான் எடுத்துக்கிறேன்.”

ஒரு குலுங்கல் இல்லாமல் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது வண்டி.

இரண்டு மணி நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். “பொண்ணு. கொடி கழுத்துல சுத்தியிருந்துச்சு. கால் மணி நேரம் தாமதிச்சிருந்தா என்னாலயே ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. இப்ப ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.”

வாத்தியார், வராண்டாவின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்த டிரைவரிடம் போய், கிரீஸ் கையோடே அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“காலையிலகூட உங்களை வாய்க்கு வந்தபடி... ஏதோ என் நல்ல நேரம், மூணு நாளா உங்களுக்குச் சவாரியே வரல.”

“சவாரியெல்லாம் வந்துட்டுதான் சார் இருந்துச்சு.” டிரைவர் கூச்சத்தோடு சிரித்தார். “ரெண்டு சக்கரமும் கழண்டு கிடக்கிற வீட்டுல நிறைமாசப் பொண்ணு அங்கேயும் இங்கேயும் தவிச்சிட்டிருக்கா. அதைப் பார்த்துட்டு நான் எங்க சார் போறது?”