புலாப்பே விற்ற துணி

"மடிக்காதீங்கக்கா, நார் உடைஞ்சிடும். சுருட்டுங்க" என்றாள் புலாப்பே.

எனக்கே சொல்லித் தருகிறாள். முப்பது வருடமாகக் கசாய் ஆற்றுப் பக்கத்துத் துணிகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறவள் நான். கின்ஷாசாவில் என் வீட்டுச் சுவர் என்ன நிறம் என்று யாருக்கும் தெரியாது, அவ்வளவு துணி தொங்குகிறது. ஆனாலும் அப்போது எனக்கு ஒழுங்காகச் சுருட்டக்கூட வரவில்லை.

இந்த ஒரு துணிக்காக ஏழு வருடமாக அலைகிறேன்.

இரண்டு முழம்கூட இருக்காது. பனைநாரில் அடித்துணியை நெய்தது அவள் கணவன் மிக்கோப்பே. எங்கள் இனத்தில் நெய்வது ஆண்கள், அதன்மேல் தைப்பது பெண்கள். ஒரு தையல் போட்டு, நாரின் இரண்டு முனையையும் கத்தியால் ஒட்ட நறுக்க வேண்டும். நறுக்கியது வெல்வெட் மாதிரி நிற்கும். அதையே ஆயிரக்கணக்கான முறை செய்தால் ஒரு துணி.

புலாப்பே அதை மூன்று வருடம் தைத்தாள். முன்கூட்டி யாரும் வரைந்து வைத்துக்கொள்வதில்லை. கட்டம் கட்டமாக வந்துகொண்டிருந்த கோலம் பாதியில் மனம் மாறி, சட்டென்று ஒரு பக்கமாக வளைந்து போகிறது. அந்த வளைவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குப் பைத்தியம்.

நான்கு முறை கேட்டேன். நான்கு முறையும் துரத்தினாள். போன தடவை, "முதல்ல உங்க புருஷனுக்கு ஒரு வெலை சொல்லுங்க, அப்புறம் என் துணிக்கு நான் சொல்றேன்" என்றாள். தெருவே சிரித்தது.

அப்படிப்பட்டவள் நேற்று தானாகவே போன் செய்தாள். நான் ம்வெக்கா டவுனில் வந்து தங்கியிருப்பது எப்படியோ அவள் காதுக்குப் போயிருக்கிறது.

"நாளைக்கு வெயில் ஏறதுக்குள்ள வந்துடுங்க. விட்டா அப்புறம் கிடைக்காது."

விழுந்தடித்துக்கொண்டு வந்தேன். விலையே பேசவில்லை. கொடுத்ததை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போட்டது ஒரே ஒரு நிபந்தனை.

"எங்க வேணா வைங்க. மண்ணுக்குள்ள மட்டும் போக விட்டுடாதீங்க."

என் வீட்டில் கரையான் கிடையாது என்று சத்தியம் செய்து கொடுத்தேன். துணி சேர்க்கிறவள் புத்தி வேறு எங்கே போகும்.

ஒரு வழியாகச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது முற்றத்தில் ஆட்கள் நின்றார்கள். முன்னால் மிக்கோப்பேயின் தாய்மாமன். எங்கள் இனத்தில் தாய்மாமன் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. பின்னால் நின்றவர்களின் தோளில் மண்வெட்டிகள். அவற்றில் ஈரமண் ஒட்டியிருந்தது.

"குழி தோண்டியாச்சும்மா. துணியைக் கொண்டா" என்றார் மாமன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மிக்கோப்பே அங்கோலாப் பக்கம் வைரம் தோண்டப் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. ஒரு கடிதம் இல்லை, ஒரு போன் இல்லை. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இனி அவன் வரமாட்டான் என்று குலத்தார் கூடி முடிவு கட்டியது மட்டும் எனக்குத் தெரியாது. உடல் இல்லை. அதனால் அவன் நெய்த துணியை அவனாக வைத்து அடக்கம் செய்துவிடலாம் என்று வந்திருக்கிறார்கள்.

"துணி இல்ல மாமா. வித்துட்டேன்."

பின்னால் நின்ற ஒருவன் காறித் துப்பினான். "பாத்தீங்களா, காசைக் கண்டதும் புருஷனையே வித்துட்டா!"

மாமன் அவனைக் கையமர்த்தினார். அவர் பார்வை என் பைமேல் வந்து நின்றது. திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை.

"பதினோரு வருஷமா நான் அழலம்மா. அடக்கம் பண்ணாம அழுதா அவனை நானே கொன்னா மாதிரி ஆயிடும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன். இன்னைக்காவது அழலாம்னு வந்தேன்."

எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று நிஜமாகவே தோன்றியது. ஏழு வருட ஆசையை விட்டுக்கொடுக்க ஒரு நொடி போதுமாக இருந்தது. என் கை பையின் வாய்க்குப் போனது.

புலாப்பே என்னைப் பார்த்தாள். என்னை நாலு தடவை துரத்தியடித்த அந்தக் கண் கெஞ்சியது.

நான் பையை மூடினேன்.

மாமன் ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார். "புரியாம பண்ணிட்டியேம்மா" என்றார். "நம்ம வீட்டுத் துணி இல்லாம போய் நின்னா, செத்துப்போய் அங்க இருக்கற நம்ம பெரியவங்களுக்கு அவனை எப்படி அடையாளம் தெரியும்? யார்றா நீ, எங்க ஆளு இல்லியேன்னு வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பிடுவாங்களே."

"அனுப்பட்டும் மாமா" என்றாள் புலாப்பே. "வீட்டுக்கு வழி அவருக்குத் தெரியும்."