சோஃபாத் தண்ணீர்

“இதுல இன்னாண்ணே கலந்துருக்குது?”

“எலுமிச்சம்பழச் சாறு, ஆப்ப சோடா, தண்ணி. அவ்ளோதாம்மா. கொழந்த நக்கினாலும் ஒண்ணும் ஆவாது.”

சோஃபாவைச் சுத்தம் செய்ய வந்தவரை ரஞ்சனி நம்பவில்லை. போன முறை ஒருவன் இப்படித்தான் சொல்லிவிட்டு எதையோ தெளித்துப் போனான். குழந்தைக்கு உடம்பெல்லாம் தடித்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது.

“அப்ப நீங்க ஒரு வாய் குடிச்சிக் காட்டுங்க.”

அவர் கை நின்றது. “இப்ப வேணாம்மா. கொஞ்ச நேரம் போவட்டும்.”

நடுவில் கொடுத்த காபியைக்கூட மனிதர் தொடவில்லை. மருந்துக் கையால் எதையும் வாயில் வைக்கப் பயமா?

“அது வந்தும்மா...”

“கதயெல்லாம் வேணாம். குடிங்க, இல்லாட்டி கெளம்புங்க!”

அவர் சாமான்களைப் பைக்குள் வைத்தார். அதற்குள் குழந்தை தவழ்ந்து வந்து ஈர சோஃபாவில் வாயை வைத்துவிட்டது. ரஞ்சனி அலறிக்கொண்டு ஓடினாள்.

அந்த நேரம் செஞ்சிக் கடைவீதிப் பள்ளிவாசலில் மாலைப் பாங்கு ஒலித்தது.

அவர் “பிஸ்மில்லா” என்று, சோஃபாவுக்குத் தெளித்த பாட்டிலைத் திறந்து, மிச்சத்தை மடமடவென்று குடித்தார்.

“காலையிலேர்ந்து நோன்பும்மா,” என்று வாயைத் துடைத்துக்கொண்டார். “ஆறிப்போனாலும் பரவால்ல, அந்தக் காபியக் குடுங்க.”