சின்னதா, பெரிசா

ஒத்தக்கடை கம்ப்யூட்டர் கடை மேஜையில், மத்தியான வெயில் பட்டு, கம்ப்யூட்டரோடு இணைத்துப் பேனாவால் வரையும் டேப்லெட்டுகள் இரண்டு, சின்னதும் பெரிசுமாகக் கிடக்கின்றன. கல்யாண ஆல்பங்களுக்குப் படம் திருத்தும் அஸ்வினி, பெரியதின் மேல் பேனாவை வைக்கிறாள். எட்டு வருஷம் மவுஸ் பிடித்து மரத்துப்போன வலது கை விரல்களுக்குப் பேனாவாவது வசப்படுமா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறாள். எதிரே கம்ப்யூட்டர் திரையில் ஒரு மணப்பெண்ணின் முகம். நெற்றியோரத்து முடியைச் சுற்றிக் கோடு இழுக்கிறாள். கோடு நடுங்கிப் புருவத்தில் ஏறுகிறது. சின்னதிலும் அப்படியே. வெளியே மேலூர் பஸ் விடாமல் ஹாரன் அடிக்கிறது. "எதும்மா எடுக்குறீங்க?" என்கிறார் கடைக்காரர். "ஒரு நிமிசம்ணே." உள்ளங்கை வேர்வையைத் துப்பட்டாவில் துடைத்துவிட்டு, பேனாவை இடது கைக்கு மாற்றி, பெரியதில் மறுபடி இழுக்கிறாள். கோடு கோணலாகத்தான் போகிறது. ஆனால் பேனாவின் கனம் இந்த விரல்களுக்குத் தெரிகிறது. "இந்தக் கை பழக இடம் வேணும், பெரிசே குடுங்கண்ணே," என்கிறாள். பேனாவைக் கீழே வைக்கவில்லை.