இறங்கினால் ரெட்டை வாடகை

"ஏறி உக்காந்தா பொண்ணு வீட்டு வாசல்லதான் எறங்கணும். நடுவுல கால் தரையில பட்டுச்சு, ரெட்டை வாடகை!"

கறாராகச் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தார் பக்கீர் முகம்மது ராவுத்தர்.

வாடகை பேச வந்திருந்த சின்னக்கருப்பு நகராமல் நின்றான். விடிந்தால் அவனுக்குக் கல்யாணம்.

ராவுத்தருக்குச் சின்னமனூர் ஏலக்காய் மண்டியில் கணக்கு வேலை. சம்பளம் பற்றவில்லை. சீமைக்குக் கிளம்பிய எஸ்டேட் துரையிடம் இந்த வண்டியைச் சல்லிசாக வாங்கி, கல்யாண மாப்பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். யார் கையிலும் வண்டியைக் கொடுக்க மாட்டார். அவர்தான் ஓட்டுவார், மாப்பிள்ளை பின்னால் உட்கார வேண்டும். வாடகை விஷயத்தில் மனுஷன் கல்லில் நார் உரிப்பார் என்று ஊருக்கே தெரியும்.

"ஒரே ஒரு எடத்துல எறங்கித்தான் ஆகணும் ராவுத்தரய்யா," சின்னக்கருப்பு கெஞ்சினான். "பொண்ணு வீடு கீழத்தெருவுல. மேலத்தெரு வழியாத்தான் போகணும். அங்கன எங்க ஆளுக வண்டியில உக்காந்து போகக் கூடாது. செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நடக்கணும். தெரு தாண்டினதும் ஏறிக்கிறேன்."

"அது உன் பாடு. வாடகை என் பாடு."

"போன மாசம் நெல்லு மில் மொதலாளி மகன் வெத்தலை வாங்க, சாமி கும்பிடன்னு எறங்கி எறங்கி ஏறினாகளாமே! அவுககிட்ட கேக்கலையே. எனக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"ஆமாலே. ஒனக்கு மட்டுந்தான். இஷ்டம்னா சொல்லு."

இவருமா இப்படி! போய்யா நீயும் உன் வண்டியும் என்று சொல்லிவிடச் சின்னக்கருப்புக்கு நாக்குத் துடித்தது.

சொல்லவில்லை. பரிசம் போட்ட அன்று இரவல் சைக்கிளில் போயிருந்தான். மேலத்தெருவில் செருப்பைக் கக்கத்தில் இடுக்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தலைகுனிந்து நடந்ததை, தண்ணீர்க் குடத்தோடு தெருக்கோடியில் நின்ற ராமுத்தாய் பார்த்துவிட்டாள். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் கூசக் கூடாதே என்றுதான் திருப்பினாள். அதுதான் அவனை இன்னமும் அறுத்துக்கொண்டிருந்தது. கல்யாணத்தன்றாவது அவள் வாசலில் ராஜாவாகப் போய் இறங்க வேண்டும்.

"சரிய்யா. ரெட்டை வாடகையே தாரேன்," என்றான்.

மறுநாள் காலை தேவாரம் சாலையில் வண்டி பறந்தது. வயலில் நின்றவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். சின்னக்கருப்பு அதையெல்லாம் எங்கே பார்த்தான்? மேலத்தெரு முக்கு வந்ததும் ராவுத்தரின் தோளைத் தட்டினான்.

"நிப்பாட்டுங்கய்யா, எறங்கிக்கிறேன்!"

ராவுத்தர் காது கேளாதவர் போல வண்டியைத் தெருவுக்குள் விட்டார்.

கோயில் வாசலில் மீசைக்காரர் ஒருவர் நாலு ஆட்களோடு வழியை மறித்தார்.

"எவன்டா அவன்? எறங்குடா கீழே!"

இறங்கப் போன சின்னக்கருப்பின் முழங்காலை, பின்னால் நீண்ட ராவுத்தரின் கை அழுத்திப் பிடித்தது.

"எறங்கட்டும், எனக்கென்ன வந்துச்சு?" என்றார் ராவுத்தர் சாவகாசமாக. "ஆனா ஒண்ணு. இது துரை ஓட்டித் தேஞ்ச கிழட்டு வண்டி. இவன் எறங்குற ஆட்டத்துல அணைஞ்சுச்சுன்னா அம்புட்டுத்தான், கல்லு மாதிரி உக்காந்துக்கிடும். சாயங்காலம் சாமி சப்பரம் இந்த வழியாத்தானே கிளம்பணும்?"

வண்டியும் இரண்டு தரம் இருமியது.

"உக்காந்தா தள்ளிவிட்டாப் போச்சு!"

"தாராளமா. நீங்க அஞ்சு பேர் இருக்கீக, மாப்பிள்ளை வண்டிக்குக் கை குடுக்கிறீகளா? இல்லே, கீழத்தெரு ஆளுகளை இங்கன கூட்டியாரச் சொல்லவா?"

மீசைக்காரர் தன் ஆட்களைப் பார்த்தார். ஆட்கள் கோயிலைப் பார்த்தார்கள். அவன் கல்யாண வண்டியை இவர்கள் தள்ளுவதா? அல்லது அவன் சனம் சாமி வாசலில் வந்து நிற்பதா?

வண்டி மறுபடியும் இருமியது.

"சனியனைக் கொண்டு போய்த் தொலையும் ராவுத்தரே! அணையிறதுக்குள்ள கிளம்பும்!"

சக்கரம் உருண்டது. போட்ட செருப்போடு, கால் தரையில் படாமல், சின்னக்கருப்பு மேலத்தெருவைத் தாண்டினான்.

கீழத்தெருவே குலவை போட்டது. வாசலில் நின்ற ராமுத்தாய் இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. கண் நிறையப் பார்த்தாள். சின்னக்கருப்புக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

தாலி கட்டி முடிந்த பிறகுதான் அவனுக்கு விஷயம் பிடிபட்டது. ஓகோ! வண்டி ஓட்டை. எறங்கி ஏறினா அணைஞ்சு போகும். அதுக்குத்தான் அந்தச் சட்டம். ஓட்டை வண்டிக்கு வாடகை வேறே! எப்படியோ, அந்த ஓட்டையால் தன் மானம் பிழைத்ததே என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

ராவுத்தர் பந்தியில் எல்லோரோடும் உட்கார்ந்து பாயசம் குடித்துவிட்டுக் கிளம்பினார். சின்னக்கருப்பு கவலையோடு பின்னாலேயே ஓடினான்.

"ராவுத்தரய்யா, வண்டி அணைஞ்சு கெடக்கே. எங்க ஆளுக இருக்காக, தள்ளிவிடச் சொல்லவா?"

"போயி பொண்ணு பக்கத்துல உக்காருங்க மாப்ளே," என்றபடி ராவுத்தர் ஒரே ஒரு மிதி மிதித்தார்.

வண்டி ஒரு இருமல்கூட இல்லாமல் கிளம்பியது.