சேறு இல்லாத வீடு

வெள்ளச் சேதத்தைப் பார்க்க வந்த அதிகாரி, ஷூவை மிதியடியில் நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே காலை வைத்தார். தரை அவ்வளவு சுத்தமாக இருந்தது.

தெருக்குழாயிலிருந்து குடத்தோடு வந்த தையல்காரி, அதைப் பார்த்ததும் தன் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

தண்ணீர் வடிந்த மறுநாளே வருகிறோம் என்றார்கள். வந்து சேர்வதற்குள் பாதி ஊர் காய்ந்துவிட்டது. கண்ணுக்குத் தெரிகிற சேதத்துக்குத்தான் நிவாரணமாம். கறை படிந்த சுவருக்குப் பக்கத்தில் வீட்டுக்காரரை நிறுத்திப் படம் எடுக்க வேண்டுமாம்.

தெருக்காரர்கள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. பச்சைக் குழந்தை இருக்கிற வீடு என்று அவள் வீட்டைத்தான் முதலில் கையில் எடுத்தார்கள். எதிர்வீட்டுப் பெயின்டர் தன் வீட்டுச் சேற்றை அப்படியே போட்டுவிட்டு வந்து, கழுத்தளவு நின்ற தண்ணீர்க் கறைமேல் இரண்டு கோட் அடித்து, அது இருந்த இடமே தெரியாமல் செய்துவிட்டான்.

நல்ல மனசுதான். நிவாரணத்தையும் சேர்த்தல்லவா பூசி மூடிவிட்டான்!

அப்படியும் அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. காய்ந்த தரையில் பேரன் ராஜா மாதிரி தூங்குகிறானே. ஆனால் துருவேறி இறுகிப்போன தையல் மெஷின்? அது ஓடினால்தான் அவளும் மகளும் சாப்பிட முடியும். சேதமான வீடு என்று இந்த மனிதர் எழுதினால்தான் புது மெஷின்.

அதிகாரி சுவரைத் தடவிப் பார்த்தார்.

"இங்க தண்ணி வந்த மாதிரியே தெரியலையே. நீங்கதான் வீட்டுக்காரரா?"

கேட்டது, மேல்சுவரில் மிச்சத்தை அடித்துக்கொண்டு ஏணியில் நின்றிருந்த பெயின்டரிடம்.

"ஆமா சார்," என்றான் அவன், கூசாமல். "என் வீடு தப்பிச்சிருச்சு. எதிர்ல இந்த அக்கா வீட்டப் பாருங்க, பாவம், இன்னும் முழங்கால் சேறு."

தையல்காரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பெயின்டர் வேண்டாம் என்று தலையசைத்தான். பேரன் தூக்கத்தில் சிணுங்கினான். வாயை மூடிக்கொண்டாள், அதற்காகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டு அதிகாரியின் பின்னால் நடந்தாள்.

எதிர்வீட்டுக்குள் யார் இருப்பார்கள் என்பது பாதித் தெருவில்தான் உறைத்தது.

பெயின்டரின் மனைவி குனிந்து ஒரு பழைய தட்டால் சேற்றை வழித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்த ஒரே கட்டில் பாதி புதைந்து கிடந்தது.

"நீ யாரும்மா?" என்றார் அதிகாரி.

அவள் நிமிர்ந்தாள். அதிகாரியைப் பார்த்தாள். அவர் பின்னால் தலை குனிந்து நின்ற தையல்காரியைப் பார்த்தாள். எதிர்வாசலுக்கு வந்து, கும்பிடாத குறையாக நின்ற புருஷனையும் பார்த்தாள்.

"வீடு கழுவ வந்தேன் சார்," என்றாள். "அக்கா வீடு."

சொல்லிவிட்டு, படத்தில் விழாதபடி கட்டில் பக்கம் ஒதுங்கிக்கொண்டாள்.

இப்படி மனிதர்கள் எதிர்வீட்டில் கிடைக்க நான் என்ன செய்துவிட்டேன் என்று நினைத்ததும் தையல்காரிக்குத் தாங்கவில்லை. கறை படிந்த சுவரில் சாய்ந்து கேவிக் கேவி அழுதாள்.

வீடு போன துக்கம் என்று நினைத்து, அதிகாரி போனைத் தாழ்த்திக்கொண்டு, அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.